பழகுநருக்கு இருபத்தொரு நாள்



நம் ஊர்ப்புறங்களில் வயலில் நஞ்சு தெளிப்பதை நஞ்சு தெளிப்பது என்று எவரும் சொல்வதில்லை. மருந்தடிப்பது என்றே சொல்வார்கள். 'நாளைக்கு மருந்தடிக்க வேண்டும், ஆள் கிடைக்குமா?' என்பது காதுக்குப் பழகிப்போன பேச்சு. பயிரின் பக்கம் நின்று பார்த்தால் அது மருந்துதான். பூச்சியின் பக்கம் நின்று பார்த்தால் நஞ்சு. இரண்டுக்கும் நடுவே, முதுகில் தெளிப்பானைச் சுமந்துகொண்டு ஒருவன் நிற்கிறானே, அவனுக்கு அது மருந்தா, நஞ்சா? சட்டம் எழுதியவர்கள் இந்தக் கேள்விக்கு எவ்வெவ்வாறு விடை சொன்னார்கள் என்பதைப்பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். அதிலும், வேலைக்குப் புதியவனாய், தேர்வெழுதாதவனாய், உரிமம் பெறாதவனாய் இருக்கும் பழகுநரைச் சட்டம் என்ன செய்கிறது என்பதே என் பேச்சின் பொருள்.

'இது உழவர்களுக்குரிய பேச்சு, எங்களுக்கு எதற்கு?' என்று உங்களுள் சிலர் எண்ணலாம். வயலில் முதன்முதலாகத் தெளிப்பானைத் தூக்குகிறவனின் வயது பெரும்பாலும் உங்கள் வயதுதான். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

உங்களுக்குத் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்குவோம். உந்து வண்டி ஓட்டக் கற்பவருக்குப் பழகுநர் உரிமம் என்று ஒன்று தருகிறார்கள். அது ஆறு திங்களுக்குச் செல்லும். வண்டியில் 'எல்' என்னும் எழுத்தைச் சிவப்பில் எழுதி ஒட்டவேண்டும். கார் ஓட்டிப் பழகும்போது, முழு உரிமம் பெற்ற ஒருவர் அருகே அமர்ந்திருக்கவேண்டும். அதுவும், வேண்டும்போது வண்டியை நிறுத்தக்கூடிய இடத்தில் அமர்ந்திருக்கவேண்டும். ஆகவே அங்கே மூன்று செய்திகள் உள்ளன. காலத்துக்கு ஓர் எல்லை. எதிரே வருபவர் அறிந்து ஒதுங்க ஓர் அடையாளம். தவறு நேருமுன் கைநீட்டித் தடுக்க ஓர் ஆள். ஓட்டாமல் ஓட்டக் கற்க முடியாது. உரிமம் இல்லாமல் ஓட்டவும் கூடாது. இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் தற்காலிக விலக்கு என்னும் ஏற்பாடு பிறந்தது. நஞ்சு தெளிக்கும் தொழிலிலும் அதே முடிச்சு உண்டு.

அதற்குள் போகுமுன், இத்தொழிலில் அஞ்சத்தக்கது யாது என்பதை ஒரு சிறிது சொல்லிவிடுகிறேன். பூச்சிக்கொல்லிகளில் பல இனங்கள் உண்டு. அவற்றுள் கரிம பாஸ்பேட் இனத்தைச் சேர்ந்தவை நம் உடலின் நரம்புகளோடு விளையாடுபவை. ஒரு நரம்பிலிருந்து தசைக்குக் கட்டளை செல்லும்போது அசிட்டைல்கோலின் என்னும் பொருள் சுரக்கிறது. கட்டளை போய்ச் சேர்ந்ததும் ஒரு நொதி வந்து அப்பொருளைச் சிதைத்து, அடுத்த கட்டளைக்கு இடம் ஒழித்துவைக்கிறது. இவ்வகை நஞ்சு அந்த நொதியைக் கட்டிப்போட்டு விடுகிறது. பின்னர்க் கட்டளை ஓயாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். வியர்வை கொட்டும், வாயில் நீர் ஊறும், கண்ணின் பாவை குண்டூசி முனையளவாகச் சுருங்கும், தசை துடிக்கும், முடிவில் மூச்சு முட்டும். மாற்று மருந்து அட்ரோப்பின். காலத்தில் கிடைத்தால் உயிர் பிழைக்கும்.

இந்த நஞ்சு வாய் வழியாகத்தான் உள்ளே போகும் என்று பலர் நினைக்கிறார்கள். அன்று. தோல் வழியாகவே போகும். நனைந்த சட்டை, ஒழுகும் மூடி, வெறுங்கை ஆகியவை போதும். நீரில் கலந்து தெளிக்கும் நிலையைக் காட்டிலும், புட்டியைத் திறந்து அளந்து கலக்கும் நிலையே மிகக் கொடியது. ஏனெனில் அப்போது கையில் இருப்பது நீர் சேராத முழுநஞ்சு. நம் பக்கத்தில் புதிதாக வரும் பையனுக்கு முதலில் என்ன வேலை தருகிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? தண்ணீர் மொண்டுவந்து கலக்கும் வேலைதான். 'தெளிப்பது அவனுக்குப் பழக்கமில்லை, கலக்கட்டும்' என்பார்கள். எளிய வேலை என்று எண்ணித் தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறோம்.

இனி அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்குப் போவோம். இத்தகைய விலக்கை எழுத்தில் வடித்து நெடுங்காலம் நடத்திப் பார்த்த நாடு அது. அங்கே கூட்டரசின் பூச்சிக்கொல்லிச் சட்டம் 1947இல் இயற்றப்பட்டது. அக்காலத்தில் அது பெரும்பாலும் பெட்டியின்மேல் ஒட்டும் சீட்டைப்பற்றிய சட்டமாகவே இருந்தது; உள்ளே இருப்பதாகச் சொல்லும் பொருள் உள்ளே இருக்கிறதா என்பதே கவலை. தெளிப்பவன் யார் என்று கேட்கவில்லை. 1962இல் ரேச்சல் கார்சன் அம்மையார் எழுதிய 'மௌன வசந்தம்' என்னும் நூல் வெளிவந்து நாட்டையே கலக்கியது. 1970இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை என்னும் புதிய துறை பிறந்தது. 1972இல் சட்டத்தைத் திருத்தி, கொடிய மருந்துகளைத் தனியே பிரித்து, 'கட்டுக்குட்பட்ட பயன்பாடு' என்று பெயரிட்டார்கள். அவற்றைத் தகுதிச் சான்று பெற்றவர் தெளிக்கலாம். அல்லது அவருடைய நேரடி மேற்பார்வையில் மற்றொருவர் தெளிக்கலாம்.

'அல்லது' என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். பழகுநர் நுழையும் கதவு அதுதான். நேரடி மேற்பார்வை என்றால் என்ன? தோளோடு தோள் நிற்பதா? வயல் வரப்பில் நிற்பதா? நகரத்தில் அலுவலகத்தில் இருந்துகொண்டு தொலைபேசியில் கேட்பதா? கூட்டரசின் விதி, மருந்துச் சீட்டிலேயே 'உடனிருக்க வேண்டும்' என்று எழுதியிருந்தாலன்றி, உடனிருப்பதைக் கட்டாயமாக்கவில்லை. 2017இல் விதிகளைப் புதுப்பித்தபோதும், மேற்பார்வையாளரோடு உடனுக்குடன் பேச ஒரு வழி இருக்கவேண்டும் என்றே சொன்னது. ஆக, தொலைபேசி போதும்.

மாநிலங்கள் தத்தம் மனப்போக்குக்கு ஏற்ப இதனினும் கடுமையாக விதிக்கலாம். அவற்றுள் அயோவா மாநிலத்தின் விதி என் மனத்தைக் கவர்ந்தது. அயோவா மக்காச்சோளமும் சோயாவும் விளையும் பெருவெளி. அங்கே உழவர் பலர் தம் நிலத்துக்குத் தாமே தெளிப்பதில்லை; கூலிக்குத் தெளிக்கும் நிறுவனங்களிடம் விட்டுவிடுகிறார்கள். அந்நிறுவனங்களின் ஆண்டு முழுவதற்குமான வருவாயில் பெரும்பங்கு வசந்த காலத்தின் சில வாரங்களில் வந்து தீரவேண்டும். களை ஒரு சாண் வளர்ந்துவிட்டால் மருந்து பயன்படாது. மழை வந்தால் இரண்டு நாள் போய்விடும். காற்று மிகுந்தால் மருந்து அண்டை வயலுக்குப் போய்விடும் என்று கைகட்டிக்கொண்டு நிற்கவேண்டும். அந்நேரம் பார்த்து ஆள் ஒருவன் நின்றுவிடுவான். புதியவன் ஒருவனைச் சேர்ப்பார்கள். அவன் தேர்வெழுதிச் சான்று பெறும்வரை வாளாவிருந்தால் பருவமே முடிந்துவிடும்.

இதற்காக அயோவாவின் சட்டம் ஒரு விலக்கு வகுத்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன், சேர்ந்த நாள் முதல் 21 நாள் வரை, சான்று இல்லாமலே தெளிக்கலாம். ஆனால் சான்று பெற்ற ஒருவரின் நேரடி மேற்பார்வையில்தான். அந்த மேற்பார்வைக்குச் சட்டமே பொருள் சொல்லியது. சான்று பெற்றவர் அந்த இடத்தில் உடலோடு இருக்கவேண்டும். பழகுநரின் உருவம் அவர் கண்ணுக்கு எட்டவேண்டும், அல்லது குரல் காதுக்கு எட்டவேண்டும்.

நாற்பது ஆண்டுக்கு அருகில் ஆசிரியத் தொழிலில் இருந்தவன் நான். அவ்விதியை முதன்முதலில் படித்தபோது, இதை எழுதியவர் ஒருகாலத்தில் வகுப்பறையில் நின்றவராக இருப்பார் என்று எண்ணிக்கொண்டேன். உண்மையில் யார் எழுதினாரோ! ஆனால் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரம் என்பது அளவுகோல் தேவைப்படாத அளவு. முந்நூறு அடி என்றோ அரைக் கல் என்றோ எழுதியிருந்தால் அதை அளப்பதற்கு ஓர் அதிகாரியும், அளந்தது சரியா என்று பார்க்க இன்னொருவரும் வேண்டும். 'அவனைக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பானா?' என்ற கேள்விக்கு வரப்பில் நிற்கும் யாரும் விடை சொல்லிவிடலாம்.

இருபத்தொரு நாள் என்ற கணக்கிலும் ஒரு நியாயம் உண்டு. பருவத்தின் நெருக்கடியைத் தாண்ட அது போதும். தேர்வைத் தள்ளிக்கொண்டே போக அது போதாது. இன்னும் சில நாள் கூட்டிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். நம் ஊர்ப் பள்ளிகளில் 'தற்காலிகக் கொட்டகை' என்று போட்டவற்றை நீங்கள் கண்டிருப்பீர்கள். நான் முதன்முதலில் தலைமை ஆசிரியனாகச் சென்ற பள்ளியில் அப்படி ஒரு கொட்டகை இருந்தது. அதில் படித்த ஒருவரின் மகனுக்கு அதே கொட்டகையில் நான் பாடம் நடத்தினேன். தற்காலிகம் என்ற சொல்லுக்கு நாள் குறிக்காவிட்டால் அதற்கு ஆயுள் அதிகம்.

என் சொந்த வாழ்வில் நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டியவனாகிறேன். சொல்வதற்குப் பெருமையான செய்தி அன்று. ஆசிரியர் பயிற்சி பெற்றபோது, எங்களை ஒரு பள்ளிக்குக் கற்பித்தல் பயிற்சிக்காக அனுப்பினார்கள். வகுப்பின் கடைசிப் பலகையில் அப்பள்ளியின் ஆசிரியர் ஒருவர் அமர்ந்து, நாங்கள் பாடம் நடத்துவதைப் பார்த்துக் குறிப்பெடுப்பார். ஒரு நாள் ஒன்பதாம் வகுப்புக்கு வேதியியல் பாடம். நீர்த்த கந்தக அமிலம் தயாரித்துக் காட்டவேண்டும். அமிலத்தைத்தான் நீரில் சிறிது சிறிதாக விடவேண்டும். நீரை அமிலத்தில் விடலாகாது. இது எனக்குத் தெரியும். முதல் நாள் இரவு குறிப்பேட்டில் எழுதியும் வைத்திருந்தேன். ஆனால் நாற்பது சோடிக் கண்கள் பார்க்கும்போது தெரிந்தது வேறு, கை செய்வது வேறு. மேற்பார்வை ஆசிரியர் ஏதோ அலுவலாக வெளியே எழுந்து போயிருந்தார். நான் அமிலம் இருந்த குவளையை எடுத்து அதில் நீரை ஊற்றிவிட்டேன். அது சீறித் தெறித்தது. முன்வரிசையில் இருந்த மாணவன் ஒருவனின் மணிக்கட்டில் இரண்டு துளி பட்டது. உடனே குழாயடிக்கு ஓட்டிச் சென்று கழுவினோம். பெரிய தீங்கில்லை. தழும்பு மட்டும் நின்றுவிட்டது.

அன்று மாலை அந்த ஆசிரியர் என்னைக் கடிந்துகொள்வார் என்று காத்திருந்தேன். அவர் தலைமை ஆசிரியரிடம் சென்று, 'பிழை என்னுடையது. நான் அறையில் இருந்திருக்கவேண்டும்' என்று எழுதிக் கொடுத்தார். நான் கலங்கிப் போனேன். என் கை செய்த பிழைக்கு அவர் எப்படிப் பொறுப்பாவார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. பின்னாளில், என் மேற்பார்வையில் இளைஞர்கள் பாடம் நடத்த வந்தபோதுதான் விளங்கியது. தேநீருக்கு எழுந்து போக எனக்கு மனம் வந்ததில்லை.

அமெரிக்கச் சட்டமும் பொறுப்பை அந்த இடத்தில்தான் வைக்கிறது. மேற்பார்வையில் தெளிப்பவன் செய்யும் பிழைக்கு, சான்று பெற்றவரே பொறுப்பு. 2017ஆம் ஆண்டு விதிகள் அந்தப் பொறுப்பை விரித்துச் சொல்லின. பழகுநருக்கு முந்திய பன்னிரண்டு திங்களுக்குள் பயிற்சி அளித்திருக்கவேண்டும். மருந்துச் சீட்டு அவன் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கவேண்டும். காப்புடை கொடுத்திருக்கவேண்டும். அவனுக்கு வயது பதினெட்டு நிரம்பியிருக்கவேண்டும். தாய் தந்தையர் போன்ற நெருங்கிய உறவினரின் மேற்பார்வையில், குடும்பப் பண்ணையில் தெளிப்பவனுக்கு மட்டும் பதினாறு போதும் என்றார்கள். இந்தக் குடும்ப விலக்கு எனக்கு அவ்வளவாக உடன்பாடில்லை. நஞ்சு உறவு பார்க்குமா? தந்தையின் கண் மகன்மேல் இருக்கும் என்பது அவர்கள் வாதம். இருக்கும், ஆனால் தந்தையே தவறாகக் கற்றிருந்தால் அத்தவறும் மகனுக்குச் சொத்தாகச் சேர்ந்துவிடும். அங்கே சொந்த நிலத்தில் தெளிக்கும் உழவர்களைத் தேர்வெழுதச் சொல்லிக் கூட்டரசு கட்டாயப்படுத்தலாகாது என்று சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். பயிற்சி உண்டு, தேர்வுக் கட்டாயம் மாநிலங்களின் விருப்பம். உழவர்களின் வாக்குக்கு எந்த நாட்டிலும் வலிமை உண்டு.

சான்றும் இல்லாமல், மேற்பார்வையும் இல்லாமல், யாரோ ஒருவர் தெளித்தால் என்ன நேரும் என்பதற்கும் அந்நாட்டிலேயே சான்று கிடைத்தது. மெத்தில் பாராத்தியான் என்பது பருத்தி போன்ற பயிர்களுக்கு வெட்டவெளியில் தெளிக்க வேண்டிய கொடிய கரிம பாஸ்பேட். வெயிலும் மழையும் பட்டால் சில நாளில் சிதைந்துவிடும். உரிமம் இல்லாத சிலர் அதைக் கொண்டுபோய், கரப்பான் பூச்சியை ஒழிப்பதாகச் சொல்லி வீடுகளுக்குள் தெளித்தார்கள். வீட்டுக்குள் வெயில் ஏது, மழை ஏது? சுவரிலும் தரையிலும் அது நெடுங்காலம் தங்கிவிட்டது. ஒஹையோ மாநிலத்தில் 1994இலும், மிசிசிப்பி மாநிலத்தில் 1996இலும் இது வெளிப்பட்டது. குடும்பங்களை வீடுகளிலிருந்து வெளியேற்றி, சுவர்ப் பலகைகளைப் பெயர்த்தெடுத்து மாற்றினார்கள். கோடிக்கணக்கான டாலர் செலவாயிற்று. தெளித்தவர்களிடம் ஆட்களைக் கொல்லும் எண்ணம் இருக்கவில்லை. மலிவாகக் கரப்பான் ஒழிந்தது என்று வீட்டுக்காரர்களும் மகிழ்ந்திருந்தார்கள். கையில் இருப்பது எங்கே சிதையும், எங்கே சிதையாது என்ற ஒரு பாடம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

இங்கிலாந்தின் கதை வேறு வகை. அங்கே 1986இல் பூச்சிக்கொல்லிக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தபோது, தெளிப்பவர் தகுதிச் சான்று பெறவேண்டும் என்றார்கள். அதே மூச்சில் ஒரு விலக்கும் அளித்தார்கள். 1964 டிசம்பர் 31க்கு முன் பிறந்தவர்கள், தம் நிலத்திலோ தம் முதலாளியின் நிலத்திலோ தெளித்தால் சான்று வேண்டியதில்லை. நெடுநாள் தொழில் செய்த பெரியவர்களைப் பள்ளிப் பலகையில் உட்காரவைப்பது முறையன்று என்ற எண்ணம். 'பாட்டனார் உரிமை' என்று அதை அழைத்தார்கள். பாட்டனார் என்றால் தலை நரைத்தவர் என்று எண்ணிவிடாதீர்கள். 1986இல் இருபத்திரண்டு வயதானவரும் அந்தப் பாட்டனார்களுள் ஒருவர்தான்! இந்த விலக்கு ஏறக்குறைய முப்பது ஆண்டு நீடித்து, 2015 நவம்பர் 26ஆம் நாள் முடிவுக்கு வந்தது. அந்த நாளுக்குப் பிறகு ஐம்பது வயது கடந்தவர்களும் சான்று பெற்றாக வேண்டியிருந்தது. சான்று பெற்றவரின் நேரடி மேற்பார்வையில், பயிற்சியின் பொருட்டுத் தெளிப்பவருக்கு மட்டும் விலக்கு நின்றது.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்று பிறந்த நாளைப் பார்த்துத் தரும் விலக்கு. மற்றொன்று கற்கும் நாளைப் பார்த்துத் தரும் விலக்கு. முன்னது ஒருவரை உள்ளபடியே விட்டுவிடுகிறது. பின்னது அவரை ஓர் இடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நடத்திச் செல்கிறது. ஆயினும் பாட்டனார் உரிமையிலும் ஒரு நல்ல செய்தி உண்டு. பிறர் நிலத்தில் கூலிக்குத் தெளிப்பதைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு, எந்த ஆண்டில் பிறந்தவராயினும், அவ்விலக்கை அவர்கள் கொடுக்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டுக்கு வரும்போது இது வேண்டியிருக்கும்.

நம் நாட்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968இல் பிறந்தது. அதன் பிறப்புக்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 1958 ஏப்ரல், மே திங்களில், கேரளத்தில் கோதுமை மாவு உண்டவர்கள் கொத்துக்கொத்தாக மடிந்தார்கள். நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. கப்பலில் உணவுப் பொருளோடு சேர்த்து ஏற்றிவந்த பாராத்தியான் என்னும் நஞ்சு ஒழுகி மாவில் கலந்திருந்தது. நீதிபதி ஜே. சி. ஷா தலைமையில் ஆராய்ச்சிக் குழு அமைந்தது. பத்தாண்டு கழித்துச் சட்டம் வந்தது. 1971இல் விதிகள் வந்தன. உற்பத்திக்குப் பதிவு, விற்பனைக்கு உரிமம், கட்டட எலி, கறையான் ஒழிப்பதைத் தொழிலாக நடத்துவோருக்கு உரிமம், அவர்களுக்குப் படிப்பும் பயிற்சியும் என்று பலவற்றை அவை ஒழுங்குபடுத்தின. மருந்துப் பெட்டியின்மீது நிறம் குறிக்கவேண்டும் என்றும் விதித்தன. சிவப்பு மிகக் கொடியது, அடுத்தது மஞ்சள், அதற்கடுத்தது நீலம், பச்சை ஓரளவு தணிந்தது. இந்த வரிசையை உங்கள் ஏட்டில் எழுதிக்கொள்ளுங்கள். போக்குவரத்து விளக்கில் மஞ்சள் என்றால் சற்றே நில் என்று பொருள்; இங்கே மஞ்சள் என்றால் கடு நஞ்சு.

ஆனால் அச்சட்டத்தின் 38ஆம் பிரிவைப் பாருங்கள். ஒருவர் தம் வீட்டுக்காகவோ, தம் காய்கறித் தோட்டத்துக்காகவோ, தாம் பயிர் செய்யும் நிலத்துக்காகவோ பூச்சிக்கொல்லி பயன்படுத்தினால் அவருக்கு இச்சட்டம் பொருந்தாது என்கிறது அப்பிரிவு. எழுதியவர்களின் நோக்கம் எனக்கு விளங்குகிறது. கோடிக்கணக்கான சிறு உழவர்களை உரிமம் கேட்டு அலுவலக வாயிலில் நிற்கவைப்பது நடக்கக்கூடிய செயலா? அன்று, அதை நானும் கேட்கமாட்டேன். ஆயினும் இந்த விலக்குக்கு நாளும் இல்லை, மேற்பார்வையும் இல்லை. நிலம் அவருடையது, தெளிக்கும் முதுகோ பெரும்பாலும் வேறொருவருடையது. கூலிக்கு வந்த அந்த மனிதரும் நடைமுறையில் அதே விலக்கின் நிழலில்தான் நிற்கிறார். இங்கிலாந்து தன் பாட்டனார்களுக்குக்கூட எந்த இடத்தில் கதவை அடைத்ததோ, அந்த இடத்தில் நம் கதவு திறந்தே கிடக்கிறது.

2017ஆம் ஆண்டு மராட்டிய மாநிலத்தின் யவத்மால் மாவட்டத்தில் நடந்தது உங்களில் சிலர் அறிந்ததே. அவ்வாண்டு பருத்திச் செடி ஆளுயரம் வளர்ந்திருந்தது. தெளித்த மருந்து தெளித்தவர் முகத்திலும் மார்பிலும் திரும்பி விழுந்தது. நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். இருபது பேரளவில் மாண்டார்கள். அவர்களுள் நிலமுடைய உழவரும் இருந்தார்கள், கூலிக்குத் தெளிக்கவந்தவரும் இருந்தார்கள்.

இன்னொரு வேடிக்கையும் சொல்கிறேன். இப்போது ஆளில்லா வானூர்தியால், அதாவது ட்ரோனால், மருந்து தெளிக்கும் முறை வந்திருக்கிறது. 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி, அதை இயக்குகிறவர் பதினெட்டு வயது நிரம்பியவராக, பத்தாம் வகுப்புத் தேறியவராக, ஏற்கப்பட்ட பள்ளியில் பயின்று சான்று பெற்றவராக இருக்கவேண்டும். மகளிர் குழுக்களுக்கு ட்ரோன் அளிக்கும் திட்டம் 2023இல் வந்தபோது, இயக்கும் பெண்களுக்குப் பதினைந்து நாள் பயிற்சி என்று வகுத்தார்கள். அதில் பத்து நாள் உரமும் மருந்தும் தெளிப்பதைப்பற்றியது. நல்லது; முழுமனத்தோடு வரவேற்கிறேன். ஆனால் வயலுக்கு வெளியே நின்று, மருந்து தன்மேல் படாத தூரத்தில் இயந்திரத்தை இயக்குகிறவருக்குச் சான்று கேட்கிறோம். அதே மருந்தை முதுகில் சுமந்து, அதன் மூட்டத்துக்குள்ளேயே நடந்து போகிறவரிடம் ஒன்றும் கேட்பதில்லை. வானில் பறக்கும் பொருள் கீழே விழுந்தால் பிறருக்குத் தீங்கு. ஆகவே சட்டம் விழித்துக்கொள்கிறது. தரையில் விழுகிறவன் தானே விழுகிறான்.

அவ்வாறாயின் நம்மால் என்ன இயலும்? எல்லாருக்கும் உரிமம் என்பது இப்போதைக்கு ஆகாது என்று சொன்னேன். கூலிக்குத் தெளிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் ஊருக்குச் சிலர்தாம் இருப்பார்கள். அவர்களுக்கு ஒரு குறுகிய பயிற்சியும் சான்றும் அளிப்பது ஆகாத செயல் அன்று. அந்தச் சிலருக்குச் சான்று கிடைத்துவிட்டால், அவர்களிடம் வந்து சேரும் புதியவனுக்கு இருபத்தொரு நாளோ முப்பது நாளோ விலக்குக் கொடுத்து, 'இவர் கண்ணுக்கெட்டும் தூரத்தில் நில்' என்று சொல்லலாம். சான்று பெற்றவர் ஒருவரும் இல்லாத ஊரில் பழகுநருக்கு விலக்கு என்று பேசுவதில் பொருளே இல்லை. யாருடைய மேற்பார்வையில் விடுவது?

சென்ற குறுவைப் பருவத்தில் என் பழைய மாணவன் ஒருவனை வயல் வரப்பில் கண்டேன். பத்தாம் வகுப்போடு நின்றவன். இப்போது விசைத்தெளிப்பான் சொந்தமாக வாங்கி, சுற்று வட்டாரத்துக்கெல்லாம் மருந்தடிக்கப் போகிறான். என்னைப் பார்த்ததும் தலைத்துண்டை அவிழ்த்துவிட்டு, 'ஐயா, நலமா?' என்று அருகே வந்தான். கீழே கிடந்த மருந்துப் புட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தேன். சீட்டின் எழுத்து என் கண்ணாடிக்கும் எட்டவில்லை. அடியில் மஞ்சள் முக்கோணம் தெரிந்தது. 'தம்பி, இந்த நிறம் எதற்கென்று தெரியுமா?' என்றேன். 'கம்பெனிக்காரன் போட்ட அடையாளம் இல்லையா, ஐயா?' என்றான். வரப்பில் உட்கார்ந்து நான்கு நிறத்தையும் சொன்னேன். பள்ளியில் இவ்வளவு கவனமாக அவன் என் பாடத்தைக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

கேட்டு முடித்ததும் அவன் திரும்பி, 'டேய், இங்கே வா' என்று குரல் கொடுத்தான். வாய்க்கால் ஓரத்தில், வாளியில் வெறுங்கையை விட்டுக் கலக்கிக்கொண்டிருந்த பையன் ஒருவன் எழுந்து வந்தான். பதினாறு வயதிருக்கும். 'இவனுக்கும் சொல்லுங்கள், ஐயா. எங்கள் தெருப் பையன். வேலை கற்றுக்கொள்ள வந்திருக்கிறான்' என்றான். எத்தனை நாளாக வருகிறாய் என்று அந்தப் பையனைக் கேட்டேன். 'இன்றைக்குத்தான்' என்றான்.

முதலில் அவனை வாய்க்காலுக்கு அழைத்துப் போய், சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவச் சொன்னேன். கலக்குவதற்கு வேலியில் இருந்து ஒரு நீண்ட கழி ஒடித்துக் கொடுத்தான் என் மாணவன். பதினெட்டு நிரம்பும் வரை இந்தப் பையனைப் புட்டியைத் தொடவிடாதே என்றேன். 'சரி, ஐயா, தண்ணீர் மட்டும் மொண்டு வரட்டும்' என்று ஒப்புக்கொண்டான். மறுநாள் காலை அவர்கள் எந்த வயலுக்குப் போகிறார்கள் என்று கேட்டுவைத்துக்கொண்டேன். நடக்கிற தூரம்தான்.